பாரிஷ் என்றால் என்ன? லாக்ஸ்டன் என்ற சின்ன ஊரை வைத்து ஓர் எளிய விளக்கம்

இங்கிலாந்தில் பெரிய நகரங்களை விட்டுத் தள்ளிக் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) பில்லில், கவுன்டிக்கு இவ்வளவு, போலீசுக்கு இவ்வளவு, தீயணைப்புக்கு இவ்வளவு என்ற பெரிய தொகைகளோடு, பாரிஷ் கவுன்சில் என்று ஒரு சின்னத் தொகையும் இருக்கும். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, தொகை அவ்வளவு சின்னது. ஆனால் அந்தப் பில்லில் இருப்பவற்றில் வயதில் மிக மூத்தவற்றுள் அதுவும் ஒன்று. போலீசுக்கு இன்னும் 200 வயதுகூட ஆகவில்லை. பாரிஷ் எல்லைகளில் பலவோ 800, 900 ஆண்டுகளாக அதே ஓடையை ஒட்டி, அதே வேலியை ஒட்டிப் போய்க்கொண்டிருக்கின்றன.

முதலில் எளிமையாகச் சொல்லிவிடலாம். ஒரு தேவாலயம், அதற்கு ஒரு குருவானவர், அவருடைய பொறுப்பில் வரும் வீடுகளும் வயல்களும், இவ்வளவும் சேர்ந்தது ஒரு பாரிஷ். நம் கத்தோலிக்கர்கள் பங்கு என்று சொல்வது இதைத்தான். இதோடு நின்றிருந்தால் அது வெறும் சபை நிர்வாகப் பிரிவு, அதைப் பற்றி இவ்வளவு எழுத ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் என்ன நடந்தது என்றால், தேவாலயத்துக்காகப் போட்ட அந்தக் கோட்டுக்குள் அரசாங்கம் ஒவ்வொரு நூற்றாண்டிலும் புதிதாக ஒரு வேலையைத் திணித்துக்கொண்டே வந்தது. பிறப்பு இறப்பை எழுதி வை, ரோட்டைச் செப்பனிடு, ஏழைக்குச் சோறு போடு என்று. கடைசியில் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவனுக்கு ஒரு நியாயம், அந்தப் பக்கம் பிறந்தவனுக்கு வேறொரு நியாயம் என்றாகிவிட்டது. யார் யாருக்கு எதற்குக் கடமைப்பட்டவர் என்பதைக் காட்டும் வரைபடமாகப் பாரிஷைப் பார்த்தால்தான் அதன் வரலாறு பிடிபடும்.

பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் மண்டையில் ஏறாது. அதனால் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நாட்டிங்காம்ஷயரில் லாக்ஸ்டன் என்று ஒரு கிராமம். பக்கத்திலுள்ள மூர்ஹவுஸ் என்ற குக்கிராமத்தையும் சேர்த்தால்கூட மக்கள்தொகை சில நூறுதான். அருகே டக்ஸ்ஃபோர்டு என்ற சிறு நகரம், கொஞ்சம் தள்ளி நியூவார்க். லண்டனிலிருந்து வடக்கே போகும் ஏ1 நெடுஞ்சாலை சில கிலோமீட்டர் கிழக்கே போகிறது, அதில் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. ஆனால் இங்கிலாந்தின் கிராமப்புற வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு இந்த ஊரைத் தெரியாமல் இருக்க முடியாது. ஏன் என்பதற்கு வருகிறேன்.

கோடு எப்படி விழுந்தது

பாரிஷ் எல்லையைப் போட்டது பக்தி என்று நினைத்தால் பாதிதான் சரி. மீதிப் பாதி பணம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற தசமபாகம், 10-ஆம் நூற்றாண்டில் எட்கர் மன்னர் காலத்திலேயே சட்டமாகக் கட்டாயமாகிவிட்டது. பத்துக் கட்டு கோதுமையில் ஒரு கட்டு, பத்து ஆட்டுக்குட்டியில் ஒரு குட்டி என்று கொடுக்க வேண்டும் என்றால், எந்த வயல் எந்தத் தேவாலயத்துக்குச் சேரும் என்பதில் குழப்பமே இருக்கக் கூடாது. அந்தக் காலத்து நிலக்கிழார்கள் தங்கள் நிலத்தில் தாங்களே தேவாலயம் கட்டி, தாங்களே குருவானவரை நியமித்துக்கொண்டார்கள். அதனால் பல இடங்களில் நிலக்கிழாரின் பண்ணை எல்லையே பாரிஷ் எல்லையாக நின்றுவிட்டது. ஏறக்குறைய 1200-க்குள் நாட்டுப்புற எல்லைகளில் பெரும்பாலானவை இறுகிப்போயின. அதற்குப் பிறகு ஒருவர் எல்லையை மாற்ற நினைத்தால் இன்னொரு குருவானவரின் வருமானத்தில் கை வைக்க வேண்டும், அதனால் யாரும் லேசில் தொடவில்லை.

எல்லாப் பாரிஷும் ஒரே அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். லண்டன் சிட்டி என்ற ஒரே சதுர மைலுக்குள் இடைக்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாரிஷ்கள் இருந்தன. வடக்கே யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஒரே பாரிஷ் 100 சதுர மைலுக்கும் மேல் விரிந்து கிடந்தது. காரணம் சிக்கலானதல்ல. ஆள் நெருக்கமும் காசும் இருந்த இடத்தில் தேவாலயங்கள் முளைத்தன, ஆடு மேயும் மலைப்பகுதியில் பத்து மைலுக்கு ஒன்று இருந்தாலே அதிகம்.

இதில் எனக்குப் பிடித்தது தெற்கே ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கில் இருக்கும் பாரிஷ்கள். அஃபிங்டன், உல்ஸ்டன், காம்ப்டன் போஷம் என்று வரிசையாக ஒன்றையொன்று ஒட்டியபடி, வடக்கு தெற்காக நீண்டு, அகலம் மட்டும் குறுகி, ரிப்பன் மாதிரி இருக்கும். வரைபடத்தில் பார்த்தால் யாரோ விளையாட்டாகக் கத்தரித்ததுபோலத் தோன்றும், ஆனால் கணக்கு இருக்கிறது. சுண்ணாம்புக் குன்றின் உச்சியில் தண்ணீர் நிற்காது, ஆடு மேய்க்கத்தான் லாயக்கு. அடிவாரத்தில் ஊற்று கிளம்பும், அங்கேதான் ஊர். அதற்கும் கீழே களிமண் தாழ்நிலம், மாட்டுக்குப் புல்லும் மரமும் கிடைக்கும். இந்த மூன்றும் ஒவ்வோர் ஊருக்கும் வேண்டும் என்றால் நிலத்தை நீளவாக்கில்தான் அறுக்க வேண்டும்.

களிமண்ணும் கோட்டையும்

லாக்ஸ்டனின் நிலம் வேறு மாதிரி. கிழக்கே ட்ரென்ட் ஆற்றுச் சமவெளி, மேற்கே ஷெர்வுட் காட்டின் மணற்பாறை, இரண்டுக்கும் நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் சிவப்புக் களிமண் பூமி. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இந்தப் பகுதி பாலைவனமாக இருந்தபோது படிந்த சேறு அது. மழைக்காலத்தில் பூட்ஸை விடாது, கோடையில் வெடித்துவிடும், உழுவதற்குள் முதுகு ஒடிந்துவிடும், ஆனால் கோதுமை நன்றாக வரும். மேற்கே மணலில் அது வராததால்தான் அங்கே காடு பிழைத்தது. காட்டுக்கும் கழனிக்கும் நடுவே நின்றதால் லாக்ஸ்டனுக்கு ஒரு முக்கியத்துவம் வந்தது.

1086-இல் வில்லியம் மன்னர் எடுத்த டோம்ஸ்டே கணக்கெடுப்பில் இந்த ஊர் இருக்கிறது. பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் வருவதற்கு முன் டோச்சி என்பவர் கையில் இருந்தது, வந்த பிறகு ஜெஃப்ரி அல்செலின் என்பவர் கைக்குப் போனது. 12-ஆம் நூற்றாண்டில் ஊருக்கு வடக்கே மண்ணைக் குவித்து ஒரு கோட்டை எழுந்தது. அதில் இருந்தவர்களிடம் ஷெர்வுட் உள்ளிட்ட அரசக் காடுகளின் காவல் பொறுப்பு இருந்தது. மானைத் திருடினால் பிடிப்பது, மரத்தை வெட்டினால் தண்டனை வாங்கித் தருவது, இதெல்லாம் இவர்கள் வேலை. கோட்டையின் மண் மேடும் அகழியும் புல் மூடி இன்னும் இருக்கின்றன, அந்த மாவட்டத்தின் மண்கோட்டைகளில் இவ்வளவு நல்ல நிலையில் இருப்பவை குறைவு. காவல் பொறுப்பு எவெரிங்காம் குடும்பத்துக்குப் போனது. அவர்களுடைய கல்லறைச் சிற்பங்கள் ஊர்த் தேவாலயமான புனித மிக்கேல் ஆலயத்தில் கிடக்கின்றன, அவற்றில் மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணின் உருவமும் உண்டு.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு குழப்பும். மேனர் என்பது நிலக்கிழாரின் பண்ணை. பாரிஷ் என்பது தேவாலயத்தின் பரப்பு. இரண்டும் ஒரே எல்லையில் இருக்கலாம், ஒரே பாரிஷுக்குள் மூன்று மேனர்களும் இருக்கலாம், ஒரு மேனர் இரண்டு பாரிஷ்களில் காலை நீட்டிக்கொண்டும் இருக்கலாம். நில விவகாரங்களை மேனர் நீதிமன்றம் பார்த்தது. தசமபாகம், பதிவேடு, பின்னாளில் ஏழைகள், ரோடு எல்லாம் பாரிஷின் தலையில். லாக்ஸ்டன் புகழ்பெற்றது மேனர் சங்கதிக்காக, ஆனால் அங்கே குடியிருந்தவர்களுக்கு இரண்டும் ஒரே வாழ்க்கையின் இரண்டு பக்கங்கள்தான்.

மூன்று வயல்கள்

இப்போது விஷயத்துக்கு வருவோம். இடைக்கால இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பெரும்பாலான ஊர்களில் இன்று நாம் பார்க்கும் வேலியடைத்த வயல்கள் கிடையாது. ஊரைச் சுற்றி இரண்டோ மூன்றோ பிரமாண்டமான திறந்த வயல்கள் இருக்கும், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான ஏக்கர். அதற்குள் வேலி இல்லை, வரப்பு என்று சொல்லத்தக்கதும் பெரிதாக இல்லை, நீள நீளமான பட்டைகளாக நிலம் பிரிந்திருக்கும். ஒரு விவசாயிக்கு அவருடைய நிலம் ஒரே இடத்தில் இருக்காது. இங்கே ஒரு பட்டை, அரை மைல் தள்ளி இன்னொன்று, அடுத்த வயலில் வேறு இரண்டு என்று சிதறிக் கிடக்கும். நல்ல மண், மட்டமான மண், தண்ணீர் தேங்கும் பள்ளம் எல்லாவற்றிலும் எல்லாருக்கும் ஒரு துண்டு கிடைக்கும் என்பது ஒரு காரணம். நடந்தே காலம் போய்விடும் என்பது அதன் விலை.

பட்டைகள் ஏன் நீளமாக இருந்தன? எட்டு எருதுகள் வரை பூட்டிய கனமான ஏரைத் திருப்புவது பெரும்பாடு, அதனால் திருப்பாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனார்கள். அந்த ஓர் உழவுச்சாலின் நீளம்தான் ஃபர்லாங், 220 கஜம். அந்த நீளத்துக்கு 22 கஜ அகலம் வைத்தால் ஓர் ஏக்கர், தோராயமாக ஒரு நாள் உழவு. நம் பத்திரங்களில் நாம் எழுதிக்கொண்டிருக்கும் ஏக்கரின் அளவு இப்படி ஒரு களிமண் வயலில் எருதுகளின் மூச்சை வைத்து வந்ததுதான். பட்டையின் நடுப்பக்கமே மண்ணைத் திருப்பித் திருப்பி உழுததில் நடுவில் மேடும் ஓரத்தில் பள்ளமும் விழுந்தன. உழவை விட்டுப் புல்தரையாகிவிட்ட இடங்களில் இன்றும் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் நிலமே நெளி தகரக் கூரை மாதிரி வரிவரியாகத் தெரியும்.

வேலை செய்யும் முறை இது. மூன்று வயல்களில் ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இரண்டாவதில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு ஒவ்வொன்றும் ஒரு படி நகரும். அறுவடை முடிந்ததும் வயலைத் திறந்துவிட்டு ஊர் மாடுகள் எல்லாம் சேர்ந்து மேயும், அதன் சாணமே உரம். இதில் ஒருவர் மட்டும் தனக்குப் பிடித்ததை விதைத்துக்கொண்டு இருக்க முடியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் விதைக்க வேண்டும், ஒரே நேரத்தில் அறுத்து முடிக்க வேண்டும். உன் பட்டையில் நான் ஓர் அடி சேர்த்து உழுதால் தட்டிக்கேட்க யாராவது வேண்டும்.

லாக்ஸ்டனின் மூன்று வயல்கள் மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். இங்கிலாந்து முழுக்க மறைந்துபோன இந்த முறை இங்கே மட்டும், டிராக்டரோடு, அதற்கென்று உள்ள நீதிமன்றத்தோடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தரிசு வயலில் இப்போது தீவனப் பயிர் விட அனுமதி உண்டு, பட்டைகளும் முன்புபோல் குறுகலாக இல்லை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலவற்றைச் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள். ஆனால் எலும்புக்கூடு பழையதுதான்.

அது எவ்வளவு பழையது என்று சொல்ல நம்மிடம் ஒரு வரைபடம் இருக்கிறது. 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் லாக்ஸ்டன் முழுவதையும் பட்டை பட்டையாக அளந்து, யாருடையது எது என்று தனியாகப் பதிவேடும் எழுதி வைத்தார். வரைபடம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் வெறும் கோடுகள் மட்டும் இல்லை. வயலுக்குள் குட்டிக் குட்டி மனிதர்கள் ஏர் ஓட்டுகிறார்கள், அறுக்கிறார்கள், நாயோடு வேட்டைக்குப் போகிறார்கள். வரையச் சொன்னவர் சர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் வணிகர். பார்படோஸ் தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவர். அதே 1635-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியப் பக்கம் கப்பல் விட சார்ல்ஸ் மன்னரிடம் அனுமதி வாங்கிய கூட்டமும் இவருடையதுதான். ஒரு கையில் கோவாவுக்குப் போகும் கப்பல், இன்னொரு கையில் லாக்ஸ்டனின் களிமண் பட்டை. மூலையில் ஒதுங்கிய கிராமம் என்று நாம் நினைப்பது எவ்வளவு தூரம் சரி என்று யோசிக்க வைக்கும் ஆள்.

ஜூரி நாள்

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலைப் பார்வையிட ஜூரி கிளம்பும். ஊர் விவசாயிகளில் 12 பேர், அவர்களுக்குத் தலைவராக ஒரு ஃபோர்மன். டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் ஏறிக்கொண்டு, சேற்றில் இறங்கி, வயல் ஓரமாகப் போய்ப் பார்ப்பார்கள். பட்டைகளின் முனையில் வண்டிப் பாதை இருக்கும், பள்ளங்களில் உழ முடியாத புல்தரைகள் இருக்கும், அவற்றை சைக் என்று சொல்கிறார்கள். இவை பொதுவானவை. யாராவது ஏரைக் கொஞ்சம் தள்ளி ஓட்டி, பாதையிலோ சைக்கிலோ ஓர் அடி, இரண்டு அடி சேர்த்துக்கொண்டிருந்தால் அங்கே மரக்கட்டை ஒன்றை அடித்து எல்லையைக் காட்டுவார்கள். வடிகாலைத் தூர்வாராமல் விட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்வார்கள். மதியச் சாப்பாடு ஊரின் டவ்கோட் இன் என்ற பப்பில்.

அடுத்த வாரம் அதே பப்பில் கோர்ட் லீட் கூடும். அதுதான் மேனர் நீதிமன்றம். மேனரின் நிர்வாகியான ஸ்டூவர்டு தலைமை தாங்குவார், அடுத்த ஆண்டுக்கான ஜூரி பதவியேற்கும், குறித்துக்கொண்டு வந்த குற்றங்களுக்கு அபராதம் விழும். அபராதம் பெரிய தொகை இல்லை. ஆனால் தவறு செய்தவர் அதே அறையில், அதே ஆட்கள் நடுவில் உட்கார்ந்திருப்பார், நாளைக்கு அவரும் ஜூரியாகப் போவார், என்னைக் கேட்டால் பணத்தைவிட அதுதான் உறைக்கும். இது வெறும் திருவிழா நாடகம் என்று நினைத்துவிடக் கூடாது. 1977-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இப்படிப்பட்ட பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டபோது லாக்ஸ்டனுக்கு விலக்குக் கொடுத்தது.

சைக்குகளில் ஏர் படாததால் வேறொரு நன்மையும் நடந்தது. வேறெங்கும் ரசாயன உரத்திலும் உழவிலும் காணாமல்போன காட்டுப் பூச்செடிகள் இங்கே பிழைத்திருக்கின்றன. அந்தப் புல்தரைகள் இன்று சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடங்கள். புல்லை அறுக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள்.

மற்ற ஊர்களில் இதெல்லாம் எங்கே போனது? நாடாளுமன்றத்தில் தனித்தனிச் சட்டம் போட்டு வேலியடைத்துவிட்டார்கள். 1604-இலிருந்து 1914 வரை இப்படி 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள், 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். சிதறிக் கிடந்த பட்டைகளைச் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் நிலம் கொடுத்தார்கள், கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, விளைச்சலும் கூடியது. ஆனால் சொந்த நிலம் இல்லாமல் பொதுவில் ஒரு மாடு மேய்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் இல்லாமல் போனது. இன்று சுற்றுலாப் படங்களில் வரும் அந்த அழகான வேலிக் கட்டங்கள் பலவற்றின் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. லாக்ஸ்டனிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேலியடைப்பு நடந்தது, மூன்று வயல்களும் காலப்போக்கில் சுருங்கின. முழுக்கப் போகவில்லை, அவ்வளவுதான். 1952-இல் அப்போதைய நிலக்கிழார் மேன்வர்ஸ் பிரபு இந்த நிலத்தை வேளாண்மை அமைச்சகத்துக்கு விற்றார், 1981-இல் அது அரசமுடியின் சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் கைக்குப் போனது, 2020-இல் மேன்வர்ஸ் குடும்பத்தின் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டே திரும்ப வாங்கிக்கொண்டது.

கோட்டுக்கு எந்தப் பக்கம்?

சரி, மேனர் பக்கத்தைப் பார்த்தாயிற்று. பாரிஷ் என்ன செய்துகொண்டிருந்தது?

1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். இன்றைக்கு ஆங்கிலேயர்கள் தங்கள் பூட்டன், ஓட்டனைத் தேடிக்கொண்டு போவது இந்தப் பதிவேடுகளுக்குள்தான். 1555-இல் ரோட்டு வேலை வந்தது. ஊரார் ஆண்டுக்கு நான்கு நாள் கூலியில்லாமல் ரோடு வேலை செய்ய வேண்டும், 1563-இல் அதை ஆறு நாளாக்கினார்கள். நம் ஊர் ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள், நாங்கள் ஏன் கல் சுமக்க வேண்டும் என்ற கேள்வி வராமல் இருக்குமா? வேலை எப்படி நடந்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம். கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்றுவதற்காக, செத்தவரைக் கம்பளித் துணியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் 5 பவுண்டு அபராதம் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஒரு சட்டம் வந்தது, கம்பளிதான் என்று சத்தியம் செய்ததை எழுதி வைத்துக்கொள்வதும் பாரிஷ் வேலைதான்.

எல்லாவற்றிலும் பெரிய சுமை ஏழைகள். 1601-இன் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஊரில் வசதியுள்ளவர்களிடம் வரி வாங்க வேண்டும். ஐரோப்பாவில் அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம், பட்டினி கிடக்கிறவனுக்குக் கேட்கும் உரிமை இருந்தது. ஆனால் அடுத்த கேள்வி உடனே வரும்: யார் எங்கள் ஏழை? 1662-இல் அதற்கும் ஒரு சட்டம். வெளியூரிலிருந்து வந்து குறைந்த வாடகையில் குடியேறுகிறவரை, பின்னால் நம் தலையில் விழுவார் என்று தோன்றினால், 40 நாளுக்குள் அவருடைய சொந்தப் பாரிஷுக்குத் திருப்பி அனுப்பலாம். இதன் மிக அசிங்கமான பக்கம், கல்யாணமாகாத கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன் எப்படியாவது எல்லை தாண்டி அனுப்ப ஊர் அதிகாரிகள் பட்ட அவசரம். குழந்தை கோட்டுக்கு உள்ளே பிறந்துவிட்டால் செலவு நம்முடையது அல்லவா. 1697-இல் உதவி வாங்குகிறவர்கள் வலது தோளில் சிவப்பிலோ நீலத்திலோ ஒரு துணி எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள், ஏழை என்பதற்கான எழுத்தும் பக்கத்தில் பாரிஷ் பெயரின் முதல் எழுத்தும்.

எல்லை இவ்வளவு முக்கியமாக இருந்ததால் அதை ஞாபகம் வைத்திருப்பது பொதுவேலையாக இருந்தது. வரைபடம் இல்லாத காலம். வசந்தகாலத்தில் குருவானவரும் ஊராரும் எல்லையைச் சுற்றி நடப்பார்கள், எல்லைக் கல் வரும் இடத்தில் சிறுவர்களைத் தூக்கி அந்தக் கல்லில் இடிப்பார்கள், சில ஊர்களில் அடியும் கொடுப்பார்கள். அறுபது ஆண்டு கழித்து வழக்கு வந்தால் சாட்சி சொல்ல ஆள் வேண்டுமே! சில ஊர்களில் இன்றும் இந்த நடை உண்டு, அடி மட்டும் கிடையாது.

எல்லை என்பது மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு டெர்பிஷயரில் ஈம் (Eyam) என்ற ஊரின் பாரிஷைச் சொல்வார்கள். 1665-இல் அங்கே பிளேக் வந்தது. அடுத்த கோடையில் குருவானவர் வில்லியம் மாம்பெசனின் பேச்சைக் கேட்டு ஊர் மக்கள் எல்லையை விட்டு வெளியே போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லையில் உணவை வைத்துவிட்டுப் போவார்கள், அங்குள்ள கல்லில் குழிகள் உண்டு, குழியில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டு வைப்பார்கள். மாம்பெசனின் மனைவியும் அந்த நோயில் போய்விட்டார். சில ஆண்டுகள் கழித்து அவரை ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றினார்கள், லாக்ஸ்டனுக்குச் சில கிலோமீட்டர் பக்கத்தில். அங்குள்ளவர்களுக்கு அவர் நோயைக் கொண்டுவந்துவிடுவாரோ என்று பயம், அதனால் ஒரு மரத்தடியில் நின்று பிரசங்கம் செய்தார் என்பது அந்த ஊர்க் கதை. 1709-இல் இறந்து ஈக்ரிங்கிலேயே அடக்கமானார். அதே ஈக்ரிங்கில்தான் 1939-இல் பூமிக்கடியில் எண்ணெய் கிடைத்தது, போர் நடுவே அமெரிக்காவிலிருந்து துளையிடும் ஆட்களை ரகசியமாகக் கூட்டி வந்தார்கள், அது தனிக் கதை.

இந்தச் சுமைகள் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக இறங்கின. லாக்ஸ்டனுக்குப் பக்கத்து நகரமான சவுத்வெல்லில் ஜான் பெக்கர் என்ற குருவானவர் 1824-இல் ஓர் ஏழைகள் விடுதி கட்ட வழி செய்தார். பல பாரிஷ்களுக்குச் சேர்த்து ஒன்று, கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், வேறு வழியே இல்லாதவன்தான் வர வேண்டும் என்பதற்காகவே கடுமையாக. செலவு குறைந்ததைப் பார்த்து 1834-இல் நாடு முழுக்க இதையே மாதிரியாக வைத்துச் சட்டம் வந்தது. ஏழைகள் பாரிஷின் கையிலிருந்து, பல பாரிஷ்களைச் சேர்த்து அமைத்த யூனியன் கைக்குப் போனார்கள். கட்டடம் இன்று அருங்காட்சியகம். 1836-இல் தசமபாகத்தைப் பொருளாக வாங்காமல் பணமாக வாங்குவது என்று ஆனது, அதற்காகப் பெரும்பாலான பாரிஷ்களை வயல் வயலாக அளந்து வரைபடம் போட்டார்கள். கடைசியில் 1894-இல் தேவாலயத்தையும் ஊர் நிர்வாகத்தையும் பிரித்தார்கள். சபையின் பாரிஷ் தனி, ஊராட்சிப் பாரிஷ் தனி. முந்நூறு பேருக்கு மேல் இருந்தால் தேர்ந்தெடுத்த கவுன்சில், குறைவாக இருந்தால் ஊர்க் கூட்டம் போதும் என்று பொதுவிதி. இங்கிலாந்தில் இன்று சுமார் 10,000 உள்ளூர்க் கவுன்சில்கள் இருக்கின்றன. நடைபாதை, விளையாட்டு மைதானம், பஸ் நிழற்குடை, கல்லறைத் தோட்டம், தோட்டம் போட வாடகைக்கு விடும் சின்ன நிலத் துண்டுகள், இவைதான் அவற்றின் உலகம். கவுன்சில் டாக்ஸ் பில்லில் வரும் அந்தச் சின்னத் தொகை போவது இதற்குத்தான்.

நீங்கள் அங்கே இருந்தால், அல்லது வெறுமனே ஆர்வம் இருந்தால், பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தை எடுத்து, கறுப்புப் புள்ளிகளாக ஓடும் பாரிஷ் எல்லையை ஒரு சுற்று விரலால் தொடர்ந்து பாருங்கள். ஓடையோடு வளைந்து வளைந்து போனால் ஆச்சரியம் இல்லை. நேராக நீண்ட தூரம் போனால் ரோமானியர் போட்ட ரோடாக இருக்கலாம், பல எல்லைகள் அவற்றின்மேல்தான் ஓடுகின்றன. திடீரென்று ஒரு வயலின் நடுவே செங்கோணத்தில் திரும்பி, கொஞ்ச தூரம் போய், மறுபடியும் செங்கோணத்தில் திரும்பிப் படிக்கட்டு மாதிரி போகிறதா, அங்கே நில்லுங்கள். எல்லையைப் போட்டவர்கள் வருவதற்கு முன்பே அந்த இடத்தில் உழவுப் பட்டைகள் இருந்தன, யாருடைய பட்டையையும் நடுவில் அறுக்காமல் ஓரமாகவே சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.